தராசைத் தேடி: ஹாங்காங்கில் பத்து நாள்

ஏப்ரல் 11, டோக்வாவான்

சென்னையில் விமானம் ஏறும்போது எனக்கு வேர்த்தது. ஹாங்காங்கில் வந்து இறங்கியபோது மகள் வீட்டுச் சுவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. இங்கே சித்திரை மாதத்தில் கடலிலிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கினால் தரை, கண்ணாடி, அலமாரிக் கதவு எல்லாவற்றிலும் நீர் முத்துமுத்தாக நிற்கும் என்று மருமகன் சொன்னார். மூலையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது. காலையில் அதன் தொட்டியைத் திறந்து பார்த்தேன். நம் ஊர்க் குடத்தில் பாதி அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தது. வீடு நானூறு சதுர அடிக்கும் குறைவு. பேத்தி பிறந்திருப்பதால் என் மனைவிக்கு இங்கே வேலை இருக்கிறது. எனக்கு இல்லை. நான் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினம் பக்கத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் முதல் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் வரை முப்பத்தொரு ஆண்டுகள் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். போகிற ஊரில் எல்லாம் கோயில் தேடுகிறவர்கள் உண்டு. எனக்குச் சங்கம் தேடுகிற வியாதி. இன்று இரவு தூக்கம் வராமல், மகளின் மடிக்கணினியில் இந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1947இல் வந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. படிக்கப் படிக்கச் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. சங்கம் அமைக்கக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். பதிவாளர் பதிவு செய்வார். கணக்கை அவர் தணிக்கை செய்யவேண்டும். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு முன் அவரிடம் போகவேண்டும். நம் 1904, 1912 சட்டங்களின் வாடைதான். அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. 1946இல் லண்டனில் இருந்த காலனி அலுவலகம் தன் ஆளுகைக்குட்பட்ட நாடுகளுக்கெல்லாம் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பியது. அதன் பூர்வீகம் இந்தியச் சட்டம். மதராஸ் மாகாணத்தில் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்கிற ஆங்கிலேய அதிகாரி விவசாய வங்கிகள் பற்றித் தடித்த அறிக்கை எழுதி, அதன் சாரத்தை, ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கியவரின் பெயரால், 'ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்' என்று சுருக்கிச் சொன்ன நாளிலிருந்து பதிவாளர் என்கிற அந்த மனிதர் பேரரசு முழுவதும் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 12, டோக்வாவான்

இன்று ஒரு சிறு அவமானம். கீழே தெருச் சந்தையில் சோய் சம் என்கிற கீரைத்தண்டு பச்சைப்பசேலென்று குவிந்திருந்தது. அட்டையில் 12 என்று எழுதியிருந்தார்கள். கிலோ பன்னிரண்டு டாலர் என்றால் நம் பணத்தில் நூற்று முப்பது ரூபாய்க்குப் பக்கம், இந்த ஊருக்கு இது மலிவுதான் என்று எண்ணி, இரண்டு விரலைக் காட்டி வாங்கி வந்தேன். வீட்டு மின்தராசில் வைத்தால் ஒரு கிலோ இருநூறு கிராம்தான் இருந்தது. முப்பத்தொரு ஆண்டு எடைக்கல் முத்திரை பார்த்த ரத்தம் கொதித்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டேன்.

கடைக்கார அம்மாள் கோபப்படவில்லை. அட்டையில் 12க்குப் பக்கத்தில் இருந்த சீன எழுத்தை விரலால் தட்டிக் காட்டினார். பிறகு என் பையை வாங்கித் தராசில் வைத்து, முள் இரண்டைத் தாண்டுகிற வரை பொறுத்து, அதையும் காட்டினார். இங்கே கிலோ இல்லை, காட்டி. ஒரு காட்டி ஏறத்தாழ 605 கிராம். அதற்குள் பதினாறு தேல். இரண்டு காட்டி, ஒரு கிலோ இருநூறு. எடை துல்லியம், என் கணக்குத்தான் தப்பு. மன்னிப்புக் கேட்கக் கான்டனீஸ் தெரியாமல் நான் கும்பிட்டு நின்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு இரண்டு தண்டு வெங்காயத்தாளைப் பைக்குள் செருகினார். காய்கறி வாங்கினால் வெங்காயத்தாள் இனாமாம். நம் ஊரில் கறிவேப்பிலை.

ஏப்ரல் 14, சிம் ஷா சூய்

சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடிக்கு வேப்பம்பூவைச் சென்னையிலிருந்தே மனைவி பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள். மாங்காய்க்கு மட்டும் கடை கடையாக அலைந்து, கடைசியில் தாய்லாந்துக்காரர்களின் கடையில் ஒரே ஒரு புளிப்பு மாங்காய் கிடைத்தது. பதினெட்டு டாலர். விலையை மனைவியிடம் சொல்லவில்லை.

மாலையில் சிம் ஷா சூய். இரத்தினக்கல் வணிகத்தில் இருக்கும் காயல்பட்டினத்து அன்பர் ஒருவரை மருமகன் அறிமுகப்படுத்தினார். தமிழை இவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிற ஒருவரைப் பார்த்து நாளாகிவிட்டது. 'வாங்க, சாப்பிட்டீங்களா' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எங்களை ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். மசால் தோசை எழுபது டாலர். சட்னி சுமார், சாம்பார் நன்று. கூட்டுறவு என்று நான் பேச்சை எடுத்ததும், கற்களைக் கடனுக்குக் கொடுத்து வாங்குகிற தங்கள் தொழிலில் சங்கமும் இல்லை பதிவாளரும் இல்லை, வாய்ச்சொல்தான் பத்திரம் என்றார். இருக்கலாம். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பள்ளிவாசல் என்றால் வாய்ச்சொல் போதும்.

அங்கிருந்து கடற்கரைக்கு நடக்கையில் பெனின்சுலா ஹோட்டலின் முன் சற்று நின்றோம். அதன் உரிமையாளர்களான கடூரி குடும்பம், பம்பாய் வழியாகக் கிழக்கே வந்த பாக்தாத் யூதர்கள். அந்தக் குடும்பத்துச் சகோதரர்கள் லாரன்ஸும் ஹோரஸும் 1951இல் ஒரு விவசாய உதவிக் கழகம் தொடங்கி, சீனாவிலிருந்து அகதியாக வந்த உழவர்களுக்குப் பன்றிக்குட்டிகளையும் வட்டியில்லாக் கடனையும் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடையை வாங்குகிற கைக்கும் பங்குத்தொகை கட்டுகிற கைக்கும் வித்தியாசம் உண்டு என்பது என் தொழில்புத்தி.

ஸ்டார் ஃபெர்ரியில் மேல்தட்டில் அமர்ந்து அக்கரைக்குப் போனோம். ஞாயிறு என்பதால் ஆறரை டாலர். அங்கே டிராம் ஏறினால் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான், இறங்கும்போது கொடுத்தால் போதும். டிராம் ஓடத் தொடங்கிய ஆண்டு 1904 என்று மருமகன் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதே ஆண்டில்தான் நம் கூட்டுறவுச் சட்டம் வந்தது. திருவல்லிக்கேணியில் டியுசிஎஸ் என்கிற நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டு. டிராம் இன்னும் நேரத்துக்கு ஓடுகிறது.

ஏப்ரல் 16, ஆபர்டீன்

காலை நான்கரைக்கு டாக்ஸி. கடலடிச் சுரங்கக் கட்டணத்தோடு இருநூறு டாலரைத் தாண்டிவிட்டது. மருமகன் முகத்தைச் சுளிக்காமல் கொடுத்தார். நான்தான் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துக் கூசிப்போனேன்.

ஆபர்டீன் மொத்த மீன்சந்தை நீர்விளிம்பில் நீண்டு கிடக்கிற ஒரு கொட்டகை. உள்ளே மஞ்சள் விளக்கு, நீலத் தொட்டிகள், தொட்டிதோறும் காற்றுக் குழாய் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. மீன்கள் உயிரோடு நீந்துகின்றன. செத்த மீனைப் பனிக்கட்டியில் போட்டு ஏலம் விடுகிற நாகப்பட்டினத்துத் துறைமுகத்தைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு உலகம். சிவப்புப் புள்ளியிட்ட களவா ஒன்று, என் முழங்கை நீளம், வலைக்கூடையில் வந்து மின்தராசின் மேல் இறங்கியது. எடை பார்க்கிறவர் கூடையை ஒருமுறை உலுக்கித் தண்ணீரை வடியவிட்டார். எண் நிலைத்து நின்றதும் உரக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதைச் சீட்டில் எழுதினார். அந்த உலுக்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரையும் சேர்த்து நிறுத்தால் வாங்குகிறவனுக்கு நட்டம். கூடையின் எடை என்று கூடுதலாகக் கழித்தால் பிடித்தவனுக்கு நட்டம். இங்கே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

போருக்கு முன் இப்படி இல்லை. அன்று மீனவனுக்கும் நகரத்துக்கும் நடுவே 'லான்' என்கிற மொத்த வியாபாரக் கடைகள் இருந்தன. படகுக்கும் வலைக்கும் அரிசிக்கும் முன்பணம் கொடுத்தவன் லான்காரன். பிடித்த மீனை அவனிடம்தான் கொண்டுபோகவேண்டும். விலையும் எடையும் அவன் சொன்னதுதான். கணக்கு அவன் புத்தகத்தில். படகிலேயே பிறந்து படகிலேயே வளர்ந்த மீனவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. எங்கள் பக்கத்தில் ஏலக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் இருந்த கதையும் இதேதான், பெயர்தான் வேறு.

ஜப்பானியர் ஆட்சியில் ஸ்டான்லி முகாமில் அடைபட்டிருந்தவர்களில் ஜெஃப்ரி ஹெர்க்லோட்ஸ் என்கிற உயிரியலாளரும் ஒருவர். பறவைகளையும் மீன்களையும் பற்றி எழுதியவர். 1945இல் போர் முடிந்து இராணுவ நிர்வாகம் வந்ததும், அவர் முன்னின்று மீன் சந்தைப்படுத்தல் அமைப்பு என்ற ஒன்றை உருவாக்கினார்கள். கரையேறும் கடல்மீன் அந்த அமைப்பின் சந்தை வழியாகத்தான் மொத்த விற்பனைக்குப் போகவேண்டும். எல்லோர் முன்னிலையிலும் நிறுக்கவேண்டும். மீனவனுக்கு உடனே பணம். அமைப்பு தனக்கென்று ஒரு கழிவு, அதாவது கமிஷன், எடுத்துக்கொள்ளும். இப்போது அது நூற்றுக்கு ஏழு. அந்தக் கழிவிலிருந்து மீனவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள், படகுக்கு மோட்டார் பொருத்தக் கடன் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு காய்கறிக்கும் இதே ஏற்பாடு. அதில் முனைந்து நின்றவர்களில் தாமஸ் ரயன் என்கிற ஏசுசபைப் பாதிரியாரும் உண்டு.

வரிசையைக் கவனிக்கவேண்டும். 1945இல் மீன்சந்தை, 1946இல் காய்கறிச் சந்தை, 1947இல் சங்கச் சட்டம், 1950இல் கூட்டுறவுக்கும் சந்தைப்படுத்தலுக்கும் சேர்த்து ஒரு தனித் துறை. முதலில் தராசை நேராக்கினார்கள். சங்கம் அதன் பின்னால் வந்தது. மீனவனிடம் போய் 'சங்கத்தில் சேர், பங்குத்தொகை கட்டு' என்று பதிவாளரின் ஆள் சொன்னபோது, அவன் கையில் அன்றைய மீனுக்கு உரிய காசு ஏற்கெனவே இருந்தது. சேமிக்க ஏதாவது இருந்தால்தானே சிக்கனச் சங்கம்? நம் கடற்கரையில் நான் தணிக்கை செய்த சங்கங்கள் பலவற்றில் இது தலைகீழ். சங்கத்தைப் பதிவு செய்து, பெயர்ப்பலகை எழுதி, நிவாரணத் தொகை பட்டுவாடாவுக்கு உறுப்பினர் பட்டியல் தயாரித்துவிடுவோம். தராசு ஏலக்காரனிடமே இருக்கும். ஆண்டுதோறும் 'சங்கம் மீன் விற்பனையில் ஈடுபடவில்லை' என்று தணிக்கைக் குறைபாடு எழுதுவேன். ஆண்டுதோறும் அதே பதில் வரும்: 'வருங்காலத்தில் சரிசெய்யப்படும்.'

நிக்கல்சன் நினைவு இங்கேயும் விடவில்லை. கூட்டுறவுக்கு அறிக்கை எழுதிய அதே மனிதர்தான் பின்னாளில் மதராஸ் மீன்வளத் துறைக்கும் அடி போட்டார். ஹாங்காங்கிலும் ஒரு காலத்தில் 'கூட்டுறவு வளர்ச்சி, மீன்வளத் துறை' என்றே ஒரே துறை இருந்தது; 1964இல்தான் அது விவசாயத்தோடு இணைந்தது. கடனாளியைத் தேடிப் போகிறவன் கடைசியில் கடற்கரைக்கு வந்து சேருகிறான் போலும்.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டே நடந்ததன் பலன், வழுக்கி விழுந்தேன். சந்தைக்குச் செருப்போடு வந்தது என் மடமை. தரை முழுவதும் மீன்தண்ணீர். இடுப்பளவு நனைந்து நான் எழுந்து நிற்பதற்குள், ரப்பர் பூட்ஸ் அணிந்த முதியவர் ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்து, நன்னீர்க் குழாயை இழுத்து வந்து என் காலைக் கழுவிவிட்டார். தடுத்தும் கேட்கவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். ஒரு சுற்று பெரிது. சந்தையை விட்டு வெளியேறும்வரை அதைப் போட்டுக்கொண்டு வாத்து போல நடந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பணம் நீட்டினேன். என் கையை மூடி என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

சாப்பாடு அருகில் ஒரு கஞ்சிக் கடையில். அரிசி கரைந்து பாலாகிப்போன கஞ்சி, அதில் மெல்லிசாகச் சீவிய மீன், இஞ்சி, வெங்காயத்தாள். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீளமான மாவுக்குச்சி, அதற்கு 'யாவ் ஜா க்வாய்' என்று பெயர். எல்லாம் சேர்ந்து முப்பத்தாறு டாலர். இரண்டாவது மாவுக்குச்சியும் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, ஷேக் கிப் மே

காலை முதல் மழை. மஞ்சள் எச்சரிக்கை என்று எல்லோர் கைப்பேசியும் சொன்னது. இங்கே மழைக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறம். கறுப்பு வந்தால் ஊர் அடங்கிவிடுமாம். என் குடை சுரங்க ரயில் நிலைய வாசலிலேயே கம்பி உடைந்து தாமரைப்பூப் போல மேல்நோக்கி விரிந்துகொண்டது. தெருக்கடையில் புதுக் குடை நாற்பது டாலர். மழை தொடங்குமுன் அது முப்பதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

மே ஹோ ஹவுஸ் என்கிற பழைய குடியிருப்பைப் பார்க்கப் போனேன். 1953 கிறிஸ்துமஸ் இரவில் இந்தப் பகுதியின் குடிசைகள் தீப்பிடித்து எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதன்பின் அரசு கட்டிய மீள்குடியேற்றக் கட்டடங்களில் எஞ்சி நிற்பது இது. நூற்றிருபது சதுர அடி அறை ஒன்றில் ஒரு குடும்பம். குழாயும் கழிப்பறையும் பொது. காட்சிக்கு வைத்திருக்கிற அறையில் நான் கையை விரித்தால் அடுக்குக் கட்டிலும் அடுப்பும் ஒருசேரக் கைக்கு எட்டும். மகளின் நானூறு சதுர அடியைப் பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

போர் முடிந்தபோது இந்த ஊரில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர். 1951இல் இருபது லட்சத்துக்கும் மேல். இந்த நெரிசலில் பதிவாளர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு பத்துப் பேரைச் சேர்த்து, துணைவிதிகளைப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார் என்றால், அந்த மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். நேற்று கிராமத்திலிருந்து வந்தவன், நாளை எங்கே இருப்பான் என்று தெரியாதவன், பக்கத்து அறைக்காரனின் ஊரும் பேச்சும் வேறு. அவனிடம் பத்து ஆண்டுக் கடனுக்குப் பரஸ்பரப் பொறுப்பு ஏற்கச் சொல்ல முடியாது. அதனால் குடிசைக்காரனுக்கு அரசே வீடு கட்டியது. வீடு கட்டும் கூட்டுறவு யாருக்குப் போனது என்பதை நாளை எழுதுகிறேன். நேரில் பார்க்க ஏற்பாடாகியிருக்கிறது.

ஏப்ரல் 18, கவ்லூன் சிட்டி

மகளின் அலுவலகத் தோழியின் தாத்தா, ஓய்வுபெற்ற அரசு எழுத்தர், வயது தொண்ணூறை நெருங்குகிறது. ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காய்கறிப் பையோடு கீழிருந்து வந்த ஒரு பாட்டி என்னைக் கடந்து மேலே போனார்.

பெரியவர் கதவருகிலேயே காத்திருந்தார். மூடியிட்ட கோப்பையில் தேநீரை இரண்டு கையாலும் நீட்டினார். அரசுப் பணியில் பழகிய நிதானமான ஆங்கிலம் பேசினார். நான் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவன் என்று தோழி சொல்லிவைத்திருந்ததால், பேச்சுக்கு முன்பே ஒரு தகரப் பெட்டி மேசைக்கு வந்துவிட்டது.

1952இல் அரசு ஊழியர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊழியர்கள் சேர்ந்து கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் பதிவு செய்தால், சந்தை மதிப்புக்குக் குறைவான விலையில் நிலம், கட்டுவதற்குக் கடன். கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், உறுப்பினர் குடியிருப்பார். எண்பதுகளில் திட்டம் முடிவதற்குள் இப்படி 238 சங்கங்கள், ஏறத்தாழ ஐயாயிரம் வீடுகள். பிறகு 1987 முதல் சங்கத்தைக் கலைத்து வீட்டை உறுப்பினர் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். ஆனால் விற்கவேண்டுமானால், அன்று சலுகையாகக் கிடைத்த நிலத்துக்கு இன்றைய கணக்கில் ஈடு கட்டவேண்டும். நிலம் தங்கமாகிவிட்ட ஊரில் அந்த ஈடு எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரியவர் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பெட்டியிலிருந்து தீர்மானப் புத்தகம் வந்தது. நீலத்துணி அட்டை, மூலையில் கரையான் அல்ல, ஈரம் தின்ற தடம். பக்கத்துக்குப் பக்கம் ஒரே விஷயம்: மொட்டைமாடிக் கசிவு, தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, பொருளாளர் தேர்தல். பொருளாளராக யாரும் வரமாட்டார்களாம். அகரவரிசைப்படி ஆண்டுக்கொருவர் என்று ஒரு தீர்மானம் போட்டுத் தீர்த்திருக்கிறார்கள். பேரேட்டில் ஒவ்வொரு தொகையின் அருகிலும் தணிக்கையாளரின் சின்னஞ்சிறு டிக் குறி, பச்சை மையில். ஓரிடத்தில் நாற்பது சென்ட் வித்தியாசம்; அதன் மேல் ஒரு வட்டம்; ஓரத்தில் 'விளக்கம் தருக'. எதிர்ப் பக்கத்தில் விளக்கம்: தபால்தலை. நான் அந்த வட்டத்தை விரலால் தொட்டேன். முன்பின் பார்த்திராத, அநேகமாக இன்று உயிரோடு இல்லாத, ஓர் ஊழியன் போட்ட வட்டம். நானாக இருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன்.

'தணிக்கையாளர் வந்தால் பயப்படுவீர்களா' என்று கேட்டேன். 'பயம் இல்லை, அவருக்கு என்ன பலகாரம் வாங்குவது என்றுதான் கவலை. அவர் எதையும் தொடமாட்டார்' என்றார். நான் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. நம் ஊர்ச் சங்கங்களில் தணிக்கைக்கு வருகிறவர்களுக்கு வரும் காபியும் வடையும் எந்தக் கணக்கில் எழுதப்படும் என்பது எனக்குத் தெரியும்.

இந்தச் சங்கங்கள் ஏன் ஒழுங்காக நடந்தன என்பது புதிரே அல்ல. மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஒரே அலுவலகப் பழக்கம், கோப்பு எழுதத் தெரிந்த கை. நம்மிடமும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள்தான் நிலுவை இல்லாமல் நடந்தன, சம்பளத்திலேயே பிடித்தம். கூட்டுறவு ஏழைக்கு என்று முன்னுரையில் எழுதுவார்கள். ஏழைக்கு அடுத்த படியில் நிற்கிறவன்தான் அதை நடத்திக் காட்டுவான். ஆனால் அந்தப் படியில் நின்றவர்களுக்கு மட்டும் சலுகை நிலம் கொடுத்துவிட்டு, கீழே இருந்தவர்களை நூற்றிருபது சதுர அடிக்கு அனுப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. மொட்டைமாடி ஒழுகுகிற வீட்டில் ஆறு மாடி ஏறி இறங்குகிறவர் அவர்.

கிளம்பும்போது கடைசி மாடிப்படி வரை வந்து வழியனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்றாவது மாடியில் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன்.

ஏப்ரல் 20, சியுங் ஷா வான்

நேற்று காய்ச்சல். ஈரத்தில் விழுந்ததும் மழையில் நனைந்ததும் சேர்ந்துகொண்டன. மிளகு ரசமும் இஞ்சி போட்ட கோலாவும் குடித்துப் படுத்துக் கிடந்தேன். கோலாவைக் கொதிக்கவைத்து இஞ்சியும் எலுமிச்சையும் போட்டுக் குடிப்பது இங்கே ஜலதோஷ மருந்து. கேட்டால் குமட்டும், குடித்தால் இதம்.

இன்று விடிகாலை காய்கறி மொத்தச் சந்தை. லாரி லாரியாகக் காய்கறி. பெரும்பகுதி சீனப் பெருநிலத்திலிருந்து வருவது. உள்ளூர் விளைச்சல் இன்று ஊர் தின்னும் காய்கறியில் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஐம்பதுகளில் வயற்காட்டு ஊர்தோறும் காய்கறி விற்பனைச் சங்கம் இருந்தது. சங்கத்தின் களத்தில் விவசாயி கொண்டுவந்து போட, காய்கறிச் சந்தைப்படுத்தல் அமைப்பின் லாரி வந்து ஏற்றிப் போகும். நூற்றுக்குப் பத்து கழிவு, அதில் ஒரு பங்கு சங்கத்துக்கே திரும்பும். 1953இல் அந்தச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. நகரத்துக் கழிப்பறைக் கழிவைப் பதப்படுத்தி உரமாக உழவர்களுக்கு விற்றதும் இதே காய்கறி அமைப்புத்தான். அந்தப் பேரேட்டைத் தணிக்கை செய்தவர் எந்த மூக்கோடு செய்தார் என்று தெரியவில்லை.

மீன் அமைப்பும் காய்கறி அமைப்பும் காலப்போக்கில் மீனவர், உழவர் சங்கங்களின் கைக்கே போய்ச் சேரவேண்டும் என்பது தொடக்கத்தில் சொல்லப்பட்ட நோக்கம். போகவில்லை. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் சந்தை அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. சங்கங்கள் தேய்ந்துவிட்டன, வயல் அடுக்குமாடியானது, மீனவர் பிள்ளைகள் அதே அமைப்பின் பள்ளியில் படித்து அலுவலகம் போய்விட்டார்கள். பிள்ளைக்கு நடை வண்டி செய்து கொடுத்தவர் வண்டியை விடவே இல்லை, பிள்ளை வேறு வழியாக ஓடிப்போய்விட்டது என்று இதைச் சொல்லலாம். சிரிக்க எனக்குத் தகுதியில்லை. தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் சங்கங்களை ஆண்ட மாநிலத்திலிருந்து வருகிறேன்.

சந்தையிலிருந்து சற்று தூரத்தில் இருக்கிற அரசுக் கட்டடத்தில்தான் பதிவாளர் அலுவலகம். தனிப் பதிவாளர் இல்லை. விவசாயம், மீன்வளம், இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இயக்குநரே கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர். 1968 சட்டத்தின்படி கடன் சங்கங்களுக்கும் அவரே பதிவாளர். வனப்பூங்கா, பவளப்பாறை, தெருநாய், ஊருக்குள் இறங்குகிற காட்டுப்பன்றி எல்லாம் அவர் பொறுப்பு. காலையில் பன்றி, மாலையில் பொதுப்பேரவைத் தீர்மானம். ஒரு காலத்தில் இந்தப் பதவிக்கு இருந்த கனம் வேறு. 1974இல் ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைத்தபோது அதன் முதல் ஆணையராக வந்து ஊரையே நடுங்கவைத்த ஜாக் கேட்டர், இளமையில் கூட்டுறவுப் பதிவாளராகவும் சந்தைப்படுத்தல் இயக்குநராகவும் இருந்தவர். லான்காரனின் பேரேட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றவர்களின் பேரேடு எம்மாத்திரம்.

சந்தையில் நான் கண்கொட்டாமல் நிற்பதைப் பார்த்த ஒரு சுமைதூக்கி, முட்டைக்கோசுக் கூடைகளை நிறுத்துக்கொண்டிருந்த மேடைத்தராசைக் காட்டி, ஏறு என்று சைகை செய்தார். ஏறினேன். சுற்றி நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் எண்ணைப் படித்து, உரக்க ஏதோ கூவினார், எல்லோரும் சிரித்தார்கள். ஏலத்துக்கு விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்: 118 காட்டி.

வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். எழுபத்தொரு கிலோ முந்நூற்றுச் சொச்சம். சென்னையில் கிளம்பும்போது அறுபத்தொன்பது. சந்தைத் தராசில் கோளாறு இருக்கவேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சமையலறையிலிருந்தபடியே, குளியலறையில் மகளின் எடைக்கருவி இருக்கிறது, போய் ஏறிப் பாருங்கள் என்றாள். 71.3. மாவுக்குச்சி பற்றி அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.